காற்று வர ஒரு வாசல், போக ஒரு வாசல்

மதுரையில் அக்கா வீட்டு மாடி அறை. சித்திரை மாதம், பிற்பகல் மூன்று மணி. தலைக்கு மேல் மொட்டை மாடித் தளம் காய்ந்துகொண்டிருந்தது. அறைக்குள் தெர்மாமீட்டர் 36 டிகிரி காட்டியது. அனிமேஷன் படிக்கும் அக்கா மகன் கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

"மாமா, ரெண்டர் போட்டு ரெண்டு நிமிஷத்துல 95-ஐத் தொட்டுருது. அப்புறம் அப்படியே மந்தமாயிருது. இத்தனைக்கும் ஆறு ஃபேன் ஓடுது."

ஆறும் ஓடத்தான் செய்தன. முன்பக்கம் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று. ஒவ்வொன்றிலும் வண்ண விளக்கு. முன்பக்கம் முழுவதையும் மூடியபடி ஒரு கறுப்புக் கண்ணாடி. பெட்டி இருந்த இடமோ கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில், இருபுறமும் பலகையும் பின்னால் சுவருமாக அடைத்த ஒரு பொந்து. நம் ஊரில் அந்தப் பெட்டியையே 'சிபியூ' என்று சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையில் சிபியூ என்பது அதற்குள் இருக்கும் பிராசஸர் என்ற ஒரே ஒரு சிப்புதான். குழப்பம் வேண்டாம் என்பதால் இங்கே கேபினட் என்றே எழுதுகிறேன்.

அக்காவிடம் கேட்டு பூஜை அலமாரியிலிருந்து ஓர் ஊதுபத்தி வாங்கிக் கொளுத்தினேன். சீலிங் ஃபேனை நிறுத்தினோம். பத்தியை முகப்புக் கண்ணாடியின் ஓரத்தில் பிடித்தேன். மூன்று விசிறிகள் சேர்ந்து காற்றை உள்ளே இழுக்க வேண்டிய இடம் அது. புகை லேசாகச் சாய்ந்தது, அவ்வளவுதான். பெரும்பகுதி தன் போக்கில் மேலே போய்விட்டது. மேஜையை நகர்த்திவிட்டுப் பின்பக்கம் போனேன். பின்விசிறிக்கு ஒரு சாண் கீழே, கார்டு செருகும் இடங்களை மூடியிருந்த தகடுகளில் சிறு சிறு ஓட்டைகள். அங்கே பத்தியைக் கொண்டுபோனதும் புகை ஊசியில் கோத்த நூல்போல விறைத்து, ஓட்டைக்குள் ஓடி மறைந்தது.

சங்கதி புரிந்துவிட்டது. பின்விசிறி வெளியே தள்ளிய சூடான காற்று சுவரில் மோதித் திரும்பி, ஒரு சாண் கீழே இருந்த ஓட்டைகள் வழியாக மறுபடியும் உள்ளே போய்க்கொண்டிருந்தது. கேபினட் தன் மூச்சையே தான் இழுத்துக்கொண்டிருந்தது.

விசிறி காற்றைக் குளிர்விப்பதில்லை. மின்விசிறிக்குக் கீழே நமக்குக் குளுகுளுவென்று இருப்பது உடம்பின் வியர்வை ஆவியாவதால். பிராசஸருக்கு வியர்க்காது. அதன் சூட்டை ஹீட்சிங்கின் மெல்லிய தகடுகள் வாங்கிக் காற்றிடம் கொடுக்கும். காற்று அதைச் சுமந்துகொண்டு வெளியேற வேண்டும். விசிறியின் வேலை இந்தச் சுமைகூலிக்காரரை நிற்க விடாமல் நடத்துவது மட்டும்தான். எத்தனை விசிறி போட்டாலும், உள்ளே இருக்கும் எதுவும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது. வெளிநாட்டு விமர்சகர் ஒருவர் 22 டிகிரி அறையில் சோதித்து, "பிராசஸர் 75 டிகிரிதான்" என்றால், அதே கேபினட் நம் 36 டிகிரி மாடி அறையில் ஏறக்குறைய 89 காட்டும். அறை ஒரு டிகிரி ஏறினால் சிப்பும் சுமார் ஒரு டிகிரி ஏறும். பல பிராசஸர்கள் 95 அல்லது 100 டிகிரியைத் தொட்டதும், தங்களைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தாங்களே குறைத்துக்கொள்ளும். பையன் சொன்ன மந்தம் அதுதான்.

எவ்வளவு காற்று வேண்டும்? இதற்குக் கணக்கு இருக்கிறது, கஷ்டமானதும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 4,200 ஜூல் வேண்டும். ஒரு லிட்டர் காற்றுக்கு 1.15 ஜூல் போதும். சூட்டைச் சுமப்பதில் காற்று அவ்வளவு பலவீனம். அதனால் நிறையக் காற்று போயாக வேண்டும். கேபினட்டுக்குள் இருக்கும் எல்லாமுமாகச் சேர்ந்து 400 வாட் சூட்டைக் கக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் காற்று 10 டிகிரி மட்டும் சூடாகி வெளியேற வேண்டுமானால், நொடிக்கு 35 லிட்டர் காற்று அந்தப் பெட்டியைக் கடந்தாக வேண்டும். குழாயடியில் தூக்கும் குடத்தில் அளந்தால், நொடிக்குச் சுமார் மூன்று குடம். இதில் பாதிதான் போகிறது என்றால் காற்று 20 டிகிரி சூடேறும். 36 டிகிரி அறையில் கேபினட்டின் உட்காற்றே 56 டிகிரி ஆகிவிடும். அப்புறம் அந்தக் காற்றைக் கொண்டுதான் பிராசஸரையும் கிராபிக்ஸ் கார்டையும் ஆற்ற வேண்டும்.

120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றின் அட்டையில் நிமிடத்துக்கு 50 கன அடி என்று போட்டிருப்பார்கள். அது நொடிக்குச் சுமார் 24 லிட்டர். கணக்குப்படி இரண்டு விசிறியே போதும். ஆனால் அட்டையில் இருக்கும் எண், முன்னும் பின்னும் எந்தத் தடையும் இல்லாமல் வெட்டவெளியில் சுழலும்போது கிடைப்பது. கேபினட்டில் முதலில் கண்ணாடி, பிறகு ஃபில்டர், பிறகு வயர்க் கட்டு, ஹீட்சிங்க், கடைசியில் பின்பக்கத்து வலைத்தகடு என்று வழியெல்லாம் தடை.

விசிறியின் பலம் எவ்வளவு என்று தெரிந்தால் இந்தத் தடைகளின் கனம் புரியும். சாதாரண கேபினட் விசிறி உண்டாக்கும் அதிகபட்ச அழுத்தம், இரண்டு மில்லிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் அளவுதான். இளநீரில் ஸ்ட்ரா போட்டு 15 சென்டிமீட்டர் உறிஞ்சும்போது நம் வாய் இழுப்பது அதைப் போல 75 மடங்கு. அவ்வளவு மெலிந்த ஒரு தள்ளலுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை நிறுத்தி, விரற்கடை இடுக்கு வழியாக மூச்சு வாங்கச் சொன்னால் என்ன செய்யும்? விசிறிகளை மூன்றிலிருந்து ஆறாக்கினாலும் இடுக்கு அகலமாகாது. சத்தம்தான் கூடும்.

சூடான காற்று தானாக மேலே போய்விடும், ஆகவே மேலே விசிறி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது சரிதான், அளவுதான் இடிக்கிறது. முக்கால் முழம், ஒரு முழ உயரமுள்ள கேபினட்டில் உள்ளே 15 டிகிரி சூடு அதிகம் இருந்தாலும், காற்று மேலெழும் அழுத்தம் ஒரு மில்லிமீட்டர் தண்ணீரில் நாற்பதில் ஒரு பங்குதான். விசிறியின் தள்ளலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. விசிறி ஓடும் வரை, காற்று விசிறி சொல்லும் திசையில்தான் போகும்.

நம் பழைய வீடுகளில் வாசலில் நின்று பார்த்தால் ரேழி, கூடம், தாழ்வாரம் தாண்டிக் கொல்லைக் கதவு தெரியும். இரண்டு கதவையும் திறந்து வைத்தால் கூடத்தில் படுப்பவருக்குக் காற்று வரும். ஒன்றைச் சாத்தினால் மற்றதும் சாத்தியதுபோல ஆகிவிடும். கேபினட்டுக்கும் இதே கட்டுமானம்தான் வேண்டும். முன்னால் குளிர்ந்த காற்றுக்கு அகலமான வாசல், பின்னால் அது போக ஒரு கொல்லை, நடுவில் தடையில்லாத கூடம். விசிறிகள் அந்த வழிக்குத் துணை நிற்பவை. வழி இல்லாத இடத்தில் அவற்றால் வழி உண்டாக்க முடியாது.

இந்தப் பாடத்தைக் கம்ப்யூட்டர் உலகம் பட்டுத்தான் கற்றது. 1980-இல் ஆப்பிள் நிறுவனம் ஆப்பிள் 3 என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. விசிறிச் சத்தமே கூடாது என்பதில் ஸ்டீவ் ஜாப்ஸ் பிடிவாதமாக இருந்ததால் அதில் விசிறி இல்லை. சூட்டைக் கடத்த அடிப்பாகம் கனமான அலுமினியத்தில் வார்க்கப்பட்டது. அது போதவில்லை. சிப்புகள் சாக்கெட்டை விட்டு நெகிழ்ந்து கிளம்பின. பெட்டியை இரண்டு மூன்று அங்குலம் தூக்கிக் கீழே விட்டால் அவை மறுபடி உட்காரும் என்று வாடிக்கையாளர்களுக்கு யோசனை சொல்லப்பட்டது.

1995-இல் இன்டெல் வகுத்த ஏடிஎக்ஸ் அமைப்புதான் இன்றுவரை நம் வீட்டுக் கேபினட்டுகளின் அடிப்படை. அதன் முதல் வடிவத்தில், மின்சாரம் வழங்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியின் விசிறி வெளிக்காற்றை உள்ளே இழுத்துப் பிராசஸர் மேல் ஊதும்படி இருந்தது. வரும் வழியிலேயே காற்று எஸ்எம்பிஎஸ்ஸின் சூட்டை வாங்கிக்கொண்டு வந்தது. சீக்கிரமே திசை மாறியது, விசிறி வெளியே ஊத ஆரம்பித்தது. பெண்டியம் 4 சிப்புகள் அடுப்பாகக் கொதித்த காலத்தில், 2004 வாக்கில், இன்டெல் பிடிஎக்ஸ் என்ற புது அமைப்பைக் கொண்டுவந்தது. பிராசஸரை முகப்புக்கு நேராக வைத்து, முன்னிருந்து பின்வரை ஒரே நேர்கோட்டில் காற்று ஓடும்படி மதர்போர்டையே மாற்றி வரைந்தார்கள். என் பார்வையில் அது அழகான சிந்தனை. ஆனால் 2006-இல் சூடு குறைந்த கோர் 2 சிப்புகள் வந்தன, பிடிஎக்ஸ் கைவிடப்பட்டது. அவசரம் தணிந்ததும் நல்ல யோசனை ஒன்று அலமாரிக்குப் போய்விட்டது. இன்று கிராபிக்ஸ் கார்டுகள் மட்டுமே 300 வாட்டைத் தாண்டும்போது அதை நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா மகனின் கேபினட்டுக்கு வருவோம். விசிறி எந்தப் பக்கம் ஊதுகிறது என்று பார்க்க எளிய வழி உண்டு. இறக்கைகள் திறந்து தெரியும் முகம் காற்றை இழுக்கும். மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் இருக்கும் முகம் வெளியே தள்ளும். அவன் விசிறிகளில் திசைத் தவறு இல்லை. இடத்தில்தான் தவறு. மேலே இருந்த இரண்டில் முன்னால் இருந்த விசிறி, முகப்பு வழியாக வந்த கொஞ்சநஞ்சக் குளிர்ந்த காற்றையும் பிராசஸரை எட்டும் முன்பே உறிஞ்சி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. வாசலில் வந்த விருந்தாளியைத் திண்ணையிலிருந்தே திருப்பி அனுப்பிய கதை.

முதல் வேலையாகக் கேபினட்டைப் பொந்திலிருந்து வெளியே எடுத்து மேஜைக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு மரப்பலகை மேல் வைத்தோம். எஸ்எம்பிஎஸ் அடிப்பக்கத்திலிருந்து மூச்சு வாங்குவதால் தரையோடு ஒட்டி வைக்கக் கூடாது. முகப்புக் கண்ணாடியைக் கழற்றினோம். அந்த இடத்தில் ஹார்டுவேர் கடையில் வாங்கிய நைலான் கொசுவலையை அளவாக வெட்டி, காந்தப் பட்டை வைத்து ஒட்டினோம். மேலே முன்னால் இருந்த விசிறியை எடுத்துவிட்டு அந்த ஓட்டையை அட்டையால் மூடினோம். முன்னால் மூன்று உள்ளே, பின்னால் ஒன்றும் மேலே பின்னோரத்தில் ஒன்றும் வெளியே. பிராசஸர் மேல் நிற்கும் கூலரின் விசிறியும் அதே திசையில், பின்விசிறியை நோக்கி ஊதும்படி இருந்தது. ஆறு ஐந்தானது.

மறுபடி ஊதுபத்தி. இந்த முறை முகப்பிலிருந்து நாலு விரல் தூரத்திலேயே புகை வளைந்து உள்ளே பாய்ந்தது. பின்பக்கத் தகட்டின் ஓட்டைகளில் பிடித்தபோது புகை உள்ளே போகவில்லை, என் முகத்தை நோக்கி விலகி வந்தது. அதே ரெண்டர் அரை மணி நேரம் ஓடியது. பிராசஸர் 84-இல் நின்றது.

புகை விலகி வந்ததற்குக் காரணம் உண்டு. வெளியேறும் காற்றைவிட உள்ளே வரும் காற்று கொஞ்சம் அதிகமாக இருந்தால், கேபினட்டுக்குள் அழுத்தம் வெளியைவிடத் துளி கூடும். அப்போது இண்டு இடுக்கெல்லாம் காற்று வெளியேறும் வழியாகிவிடும். தூசி வர வேண்டுமானால் ஃபில்டர் போட்ட வாசல் வழியாகத்தான் வர வேண்டும். முன்பு இருந்த நிலையில் எல்லா இடுக்கும் தூசியைக் குடித்துக்கொண்டிருந்தது. ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோல ஒட்டிக் கிடந்ததை வெளியே எடுத்தபோது பையன் அதிர்ந்துபோனான். ப்ளோயரால் ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். விட்டால் தாறுமாறாகச் சுழன்று பேரிங் கெடும். மோட்டாரும் டைனமோவாக மாறி மின்சாரத்தை மதர்போர்டுக்குத் திருப்பி அனுப்பலாம்.

உங்கள் கேபினட் மூச்சு முட்டுகிறதா என்று அறிய ஊதுபத்திகூட வேண்டாம். கனமான வேலை ஒன்றை ஓடவிட்டு வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, பக்கவாட்டுக் கதவைத் திறந்து பாருங்கள். ஓரிரண்டு டிகிரி குறைந்தால் வழி சரியாக இருக்கிறது. எட்டு, பத்து டிகிரி இறங்கினால் எங்கோ வாசல் அடைபட்டிருக்கிறது. திறந்தே வைத்து டேபிள் ஃபேனைத் திருப்பி விடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது அவசரத்துக்கு உதவும். தொடர்ந்தால் தூசியும் பல்லியும் குடியேறிவிடும்.

வழி சரியானபின் கிடைக்கும் பெரிய லாபம் அமைதி. விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். ஆனால் அது எடுக்கும் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகும், சத்தம் சுமார் 15 டெசிபல் குறையும். 120-க்குப் பதில் 140 மில்லிமீட்டர் விசிறி போட இடமிருந்தால் போடுவது நல்லது. பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுவதால் அதே காற்றை மெதுவாகச் சுழன்றே தள்ளிவிடும். பயாஸில் போய், வெப்பநிலைக்கு ஏற்ப வேகம் மாறும்படி அமைத்தோம். முன்பு மாடிப்படியிலேயே கேட்ட இரைச்சல், இப்போது அறைக்குள் நின்று காதைக் கொடுத்தால்தான் கேட்கிறது.

ஆடி மாதம் மறுபடி போயிருந்தேன். வைகைப் பக்கமிருந்து வீசிய காற்றில் கொசுவலை சாம்பல் நிறமாகியிருந்தது. பத்தியைப் பிடித்தால் புகை மறுபடி மேலே போக ஆரம்பித்திருந்தது. பையன் ஒன்றும் சொல்லாமல் வலையை உருவிக்கொண்டு போய்க் குழாயில் அலசி, நிழலில் உலர்த்தி, கொண்டுவந்து மாட்டினான்.