கண்டி வீதியின் மறுமுனை

கிளிநொச்சியில் எங்கள் வீட்டு முகவரியில் ‘கண்டி வீதி’ என்று இருக்கிறது. மின்சாரப் பட்டியல், வங்கிக் கடிதம், பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு எல்லாவற்றிலும் அப்படித்தான். செய்திகளில் ஏ9 என்று அடிபட்ட வீதிக்கு எங்கள் ஊரில் பழைய பெயர் அதுதான். அந்த வீதியால் தெற்கே நாங்கள் அதிகம் போனது வவுனியா வரைதான். 2009இல் செட்டிகுளம் முகாமுக்கு ஏற்றிப் போனதும் அதில் ஒன்று. வீதியின் மறுமுனையில் இருக்கும் கண்டிக்கு 2024 சித்திரையில்தான் முதன்முதலாகப் போனோம். கோயிலுக்காகவோ வைத்தியசாலைக்காகவோ போகவில்லை. வெக்கை தாங்காமல் போனோம்.

வன்னியில் சித்திரை வெயில் புதிதல்ல. ஏப்ரல் 5ஆம் திகதியளவில் இலங்கையின் தென்முனைக்கு நேர் மேலே வரும் சூரியன், நாளுக்குக் கொஞ்சமாக வடக்கே நகர்ந்து, புத்தாண்டை ஒட்டிய நாட்களில் கிளிநொச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நேர் உச்சியில் நிற்கும். வருடப்பிறப்பன்று மத்தியானம் முற்றத்தில் நின்றால் நிழல் காலடிக்குள் அடங்கிவிடும். அந்த நேரத்தில் காற்றும் இல்லை. வாடை முடிந்திருக்கும், சோளகம் பிடித்திருக்காது. இதெல்லாம் எங்கள் தாத்தா காலத்திலும் இருந்ததுதான். வித்தியாசம் என்னவென்றால், அவர்களுக்கு ஓலைக் கூரையும் வளவு நிறைய மாவும் வேம்பும் இருந்தன. எங்கள் ஒழுங்கையில் யுத்தத்துக்குப் பிறகு திரும்பிவந்தபோது நிமிர்ந்து நின்ற மரம் மூன்று. இப்போது நட்டவை வீட்டு உயரத்துக்கு வந்துவிட்டன, ஆனால் கூரைக்கு நிழல் தர இன்னும் பத்து வருடம் வேண்டும். மேலே தகரம், சுற்றிவரச் சீமெந்து. பகல் குடித்த சூட்டை அந்தச் சுவர் விடியும்வரை கக்கிக்கொண்டிருக்கும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்களை வாட்டுவது பகல் வெயிலைவிட இரவுதான். யாழ்ப்பாணத்தில் சித்திரை மாதத்துப் பகல் உச்சம் சராசரியாக 32, 33 பாகை செல்சியஸ். கண்டியிலும் அது 31 அளவில் இருக்கும். பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரவில் யாழ்ப்பாணம் 27 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. கண்டிப் பக்கம் 21க்கு இறங்கிவிடும். சுற்றிவரக் கடல் உள்ள இடத்தில் நீர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். மேட்டு நிலத்தில் பொழுது சாய்ந்ததும் சூடு கழன்றுவிடும். நூறு மீற்றர் ஏறினால் ஏறக்குறைய அரைப் பாகைக்கு மேல் குறையும் என்பது பொதுக் கணக்கு. கண்டி சுமார் 500 மீற்றர், நுவரெலியா 1,868 மீற்றர். நுவரெலியாவில் சித்திரைப் பகலே 22, 23 பாகைதான்.

அப்படியானால் நுவரெலியாவுக்கே போகலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். விசாரித்தபோதுதான் விளங்கியது, ஏப்ரல் முழுக்க அங்கே ‘சீசன்’. மலர்க் கண்காட்சி, காரோட்டப் பந்தயம், கொழும்பு வாகனங்கள். ஐந்து பேருக்கு ஓர் அறையின் ஒரு இரவு வாடகைக்கு எங்களிடம் கேட்ட தொகை, பிலிமத்தலாவையில் மூன்று இரவுக்குப் போதுமாக இருந்தது. இன்னொரு காரணம் அம்மா. அவருடைய வலது முழங்காலுக்கு மேலே 2009இல் பட்ட செல் துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. கடும் குளிர் பட்டால் அந்தக் கால் மரத்துப்போகும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். எங்களுக்குத் தேவைப்பட்டது நடுங்கும் குளிரல்ல, பிள்ளைகள் வெளியில் ஓடித் திரியக்கூடிய காற்றும், போர்த்துக்கொண்டு தூங்கக்கூடிய இரவும்.

பிலிமத்தலாவை கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் பேராதனையைத் தாண்டி, கடுகண்ணாவைக்கு முன்னால் வரும் சிறு நகரம். கண்டியின் கடைசி மன்னன் கண்ணுசாமியை 1798இல் சிம்மாசனத்தில் ஏற்றிவிட்ட அதிகாரியின் பெயரில் இந்த ஊர்ப்பெயர் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். சுற்றுலாப் பயணிகள் இந்த ஊரைப் பேருந்து யன்னலால் பார்த்துவிட்டுக் கண்டிக்குப் போய்விடுவார்கள். அதனால்தான் இங்கே வாடகை குறைவு. சமையலறையோடு ஒரு வீட்டின் கீழ்ப்பகுதி கிடைத்தது.

அம்மாவைச் சம்மதிக்க வைத்ததுதான் திட்டத்தில் கடினமான பகுதி. அவர் பிறந்தது கம்பளைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில். 1977 ஆகஸ்ட் கலவரத்தில் லயத்தை விட்டு ஓடியபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அந்தக் காலத்தில் தோட்டங்களிலிருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறிய ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் இப்படி வந்தவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறோம். குளிர் நாட்டிலிருந்து வெக்கை நாட்டுக்கு வந்த அவர், பிறகு அந்த வெக்கையிலும் நான்கு தடவை இடம்பெயர்ந்தார். 47 வருடமாக மலைப்பக்கம் திரும்பவில்லை. கேட்டால், “அங்க எனக்கு ஆர் இருக்கினம்?” என்பார்.

பயணத்துக்கு முதல்நாள் அவருடைய பையைத் திறந்து பார்த்தேன். காணி உறுதி, எல்லோருடைய பிறப்புப் பத்திரம், குடும்ப அட்டை, கிளினிக் கொப்பி, அரைக் கிலோ சீனி, மெழுகுதிரி. “அம்மா, நாலு நாளில திரும்பி வந்திடுவம்” என்றேன். “அப்பவும் அப்பிடித்தான் சொன்னவை” என்றார். நான் எதையும் வெளியே எடுக்கவில்லை. வீட்டில் வயதானவர்களோடு போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அந்தப் பையோடு சண்டை பிடிக்காதீர்கள். நீரில் நனையாத உறை ஒன்று வாங்கிக் கொடுங்கள். மலையில் மழை பெய்யும்.

பக்கத்து வீட்டார், “உங்களுக்கென்ன, சுற்றுலா” என்று சொன்னதும் உண்மை. அந்தச் சொல் எங்கள் ஊரில் கொஞ்சம் குத்தும். இழந்தவர்கள் இருக்கும் இடத்தில் உல்லாசம் என்று போவது கூச்சம்தான். ஆனால் என் பிள்ளைகள் பன்னிரண்டும் ஒன்பதும். பயணம் என்றால் ஓடுவது என்று அவர்களும் பழக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

புத்தாண்டுக்கு முந்திய நாட்களில் பேருந்துகளில் காலடி வைக்க இடமிருக்காது. பிறந்த பின் சில நாட்களுக்குச் சிங்களப் பகுதிகளில் கடைகள் பூட்டியிருக்கும். அதனால் கொண்டாட்டம் அடங்கிய பிறகே புறப்பட்டோம். அந்த நேரம் மாகோ – அனுராதபுரம் புகையிரதப் பாதை திருத்த வேலைக்காக மூடப்பட்டிருந்தது. அதனால் பஸ்தான். அதிகாலை ஏறி, வவுனியா, தம்புள்ளை, மாத்தளை கடந்து, மத்தியானத்துக்குப் பிறகு கண்டி. மாத்தளை தாண்டியதும் அம்மா யன்னலைத் திறந்து வைத்தார். அதற்குப் பிறகு மூடவேயில்லை. கண்டியில் இன்னொரு பஸ் பிடித்துப் பிலிமத்தலாவைச் சந்தியில் இறங்கினோம்.

அன்றிரவு இரண்டாம் மணியளவில் மகள் எழும்பி, “அம்மா, போர்வை” என்றாள். எனக்கு அந்தப் பயணச் செலவு முழுவதும் அந்த ஒரு சொல்லில் திரும்பிவிட்டது.

பகலை எப்படிப் பிரிப்பது என்பதில் ஒரு விதி உண்டு. மார்ச், ஏப்ரலில் மலைநாட்டில் காலை தெளிவாக இருக்கும், பின்னேரம் இடியோடு மழை கொட்டும். பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட காலம் அது. தரை சூடாகி எழும் ஈரக்காற்று மலையில் ஏறி, மத்தியானத்துக்குப் பிறகு முகிலாகித் திரளும். மின்னல் அதிகம் விழுவதும் இந்த மாதங்களில்தான். ஆகவே வெளியில் திரிவதெல்லாம் காலை ஆறரையிலிருந்து ஒரு மணிக்குள் முடியவேண்டும். பிறகு வீடு, சாப்பாடு, தூக்கம்.

முதல் காலை பேராதனைப் பூங்கா. 147 ஏக்கர், மூன்று பக்கம் மகாவலி வளைந்து ஓடுகிறது. திறந்த உடனேயே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு கூட்டம். சாப்பாடு கட்டிக்கொண்டு போனால் காசு மிச்சம். ஒரு கூடாரம்போலக் கிளை விரித்த பெரிய அத்தி இன மரத்தின் கீழ் எங்கள் பிள்ளைகள் ஒன்றரை மணித்தியாலம் விளையாடினார்கள். அம்மா புல்லில் கால் நீட்டி இருந்தார். அவருக்குச் சமதரை, இருக்க இடம், கழிப்பறை மூன்றும் வேண்டும். இந்தப் பூங்காவில் மூன்றும் உண்டு.

இரண்டாம் காலை, சந்தியிலிருந்து தவுலகல வீதியால் கடலாதெனிய, இலங்காதிலக, எம்பெக்கை ஆகிய மூன்று இடங்கள். நடக்கக்கூடியவர்கள் வயலும் கமுகந்தோட்டமுமாக இருக்கும் உள்வீதியால் மூன்றையும் நடந்தே பார்க்கலாம். எங்களோடு அம்மா இருந்ததால் முச்சக்கரவண்டி பிடித்தோம். முதல் இரண்டும் 1344ஆம் ஆண்டளவில், நான்காம் புவனேகபாகு காலத்தில் எழுந்த விகாரைகள். கடலாதெனியவைக் கட்டியவர் கணேஸ்வராசாரி என்ற தென்னிந்தியச் சிற்பி. தூண்களைப் பார்த்ததும் மகன், “இது எங்கட கோயில் மாதிரி” என்றான். இலங்காதிலகப் பாறையில் சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் இருக்கிறது. அதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். நீண்ட விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அங்கே பாறைப் படிகள் அதிகம் என்பதால் அம்மா கீழேயே நின்றுவிட்டார். எம்பெக்கையில் இருப்பவர் கதிர்காமக் கந்தன் என்று அறிந்ததும் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனார். அந்த மரத்தூண் மண்டபத்தை ஊர் உலகம் வந்து படம் பிடிக்கிறது. அம்மா ஒரு தூணையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. கும்பிட்டுவிட்டு வந்தார்.

அன்று பின்னேரம் மூன்றரைக்கு இடி தொடங்கியது. எங்கள் ஊரில் இடி ஒருதரம் இடித்து ஓயும். மலையில் அது ஒரு சரிவில் மோதி, அடுத்த சரிவுக்குப் போய், திரும்பி வரும். வெடிக்கும் இடமும் விழும் இடமும் வேறுவேறாகக் கேட்கும் சத்தத்தை வன்னியில் இருந்தவர்கள் அறிவார்கள். அம்மா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் நிலத்தில் குந்திவிட்டார். கைகள் காதில். நானும் ஒரு கணம் கதவைத்தான் பார்த்தேன். கணவர் கட்டிலை இழுத்துவிட்டு அவரருகில் நிலத்தில் அமர்ந்து, பிள்ளைகளையும் அமர்த்தி, மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எத்தனை செக்கன் என்று எண்ணப் பழக்கினார். மூன்று செக்கனுக்கு ஒரு கிலோமீற்றர். ஒன்பது வந்தபோது மகள், “அம்மம்மா, மூண்டு கிலோமீற்றர் தூரம்” என்றாள். பதினைந்து, பிறகு இருபது. மழை பிடித்தது.

இதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். சித்திரையில் மலைக்குப் போகும் எங்கள் மக்கள், பின்னேர இடி வரும், அது எதிரொலிக்கும் என்பதை வீட்டிலேயே சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். தெரிந்து வரும் சத்தம் பாதிதான் பயப்படுத்தும். சத்தத்துக்கு மிகவும் கலங்குகிறவர்கள் குடும்பத்தில் இருந்தால் ஆகஸ்ட் விடுமுறை நல்லது. அப்போது மலையில் தூறல் அதிகம், இடி குறைவு. எங்களுக்குச் சோளகம் தூசியடிக்கும் காலமும் அதுதான். ஆனால் கண்டிப் பெரஹரா நாட்களைத் தவிருங்கள், அறை கிடைக்காது. நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் அந்த நேரத்திலேயே வரும். அதை விட்டுவிட்டு வர எங்கள் வீட்டில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள்.

மூன்றாம் நாளை வேண்டுமென்றே வெறுமையாக விட்டிருந்தோம். அம்மா கேட்டால் கம்பளைக்குப் போகலாம், கேட்காவிட்டால் கடுகண்ணாவைப் புகையிரத அருங்காட்சியகத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம் என்பது கணக்கு. காலையில் தேத்தண்ணியோடு வாசலில் இருந்தவர், “தேயிலை பாக்க எங்க போகவேணும்?” என்று கேட்டார். தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கண்டிக்குப் போய், அங்கிருந்து ஹந்தானை மலைக்கு ஓட்டோ பிடித்தோம். பழைய தொழிற்சாலையொன்றில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. அம்மா அதற்குள் வரவில்லை.

வெளியே வீதியோரம் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களோடு பேசத் தொடங்கினார். ஐந்து நிமிடத்தில் அவருடைய பேச்சு மாறிவிட்டது. நாங்கள் கேட்டிராத சொற்கள், கேட்டிராத இழுப்பு. நாட்சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். ஆயிரம் என்றார்கள். 2021இல் வர்த்தமானியில் வந்த அதே ஆயிரம். “நீங்க எந்தத் தோட்டம்மா?” என்று அவர்களில் மூத்தவர் கேட்டதற்கு அம்மா கம்பளைப் பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பெண் ஒரு துளிர் கொழுந்து கிள்ளி அவர் கையில் வைத்தார்.

நாலாம் நாள் பஸ்ஸில் திரும்பினோம். தம்புள்ளைக்கு வந்தபோது யன்னல் காற்று சுடத் தொடங்கியது. அம்மா அந்தக் கொழுந்தை கிளினிக் கொப்பிக்குள் வைத்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்த பத்திரங்களை எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார். “ஆகஸ்ட்டில் போறதெண்டால் இப்பவே அறைக்குச் சொல்லிவை” என்றார். “சீனி அங்கயும் விக்கிறாங்கள், கொண்டுபோகத் தேவையில்லை.”