புகைவண்டி காண நல்லிடம்

தென்னேரியார் புகைவண்டி காண விழையின் வாலாஜாபாத் நிலையத்தை நாடுக. செங்கற்பட்டு–அரக்கோணம் மார்க்கம் ஒற்றைப் பாதையாதலின், எதிரெதிர் வரும் வண்டிகள் பக்கப்பாதையுள்ள நிலையங்களிலேயே ஒன்றுக்கொன்று வழிவிடல் வேண்டும். பொறுத்திருப்போர் ஒரு வண்டி நிற்க மற்றொன்று கடந்தேகுதலை நடைமேடையிலிருந்தே காணலாம்.

இடந்தேர்வோர் கருதற்பாலன மூன்று. கதிரவன் நம் முதுகுப்புறம் இருத்தல் வேண்டும். ஆதலின் காலையிற் பாதைக்குக் கிழக்கேயும் மாலையில் மேற்கேயும் நிற்றல் நன்று. வளைவின் உட்புறத்தினின்று நோக்கின் தொடர் முழுவதும் ஒருங்கே தோன்றும்.

மூன்றாவதே தலையாயது: இருப்புப்பாதையின் எல்லைக்குப் புறத்தே நிற்றல். இக்காலத்து மின்சார வண்டிகள் புகையும் பேரிரைச்சலுமின்றி விரைந்தணுகுவன. ஆளைக் கண்டபின் ஓட்டுநர் உடனே நிறுத்தவும் இயலாது. 1989ஆம் ஆண்டு இரயில்வேச் சட்டமும் அத்துமீறிப் புகுதலைக் குற்றமென விதிக்கின்றது. மாணவ நண்பர்காள், படமெடுக்கும் ஆவலால் தண்டவாளத்திற் கால் வையாதீர். அடுத்த வண்டி வரும். போன உயிர் வாராது.