குர்பானிக் கறியும் மூன்று நாள் கணக்கும்

ஹஜ்ஜுப் பெருநாள் வந்துவிட்டால் தாம்பரம், பல்லாவரம் பக்கம் எங்கு போனாலும் ஒரு கேள்வி வரும்: "ஹஜ்ரத், குர்பானிக் கறியை ஃப்ரீசரில் எத்தனை நாள் வைக்கலாம்?"

எத்தனை நாளும் வைக்கலாம், தடையில்லை. ஆனால் இந்த நாள் கணக்குக்குப் பழைய வரலாறு ஒன்று உண்டு.

பனூ இஸ்ராயீல் சமூகத்தில் 'சமாதான பலி' என்று ஒன்று இருந்தது. பிராணியின் கொழுப்பு பலிபீடத்தில் எரிக்கப்படும். நெஞ்சுக்கறியும் வலது தொடையும் ஆலயப் பணியாளர்களுக்குச் சேரும். மீதிக் கறி பலி கொடுத்தவருக்கே. அதைக் குடும்பத்தோடு கூடி உண்டு மகிழ்வதும் அவர்களுக்கு வணக்கமாகவே இருந்தது.

இன்றைய பைபிளின் லேவியராகமம் 7ஆம் அதிகாரம் இதற்குக் காலக்கெடுவும் சொல்கிறது. நன்றிக்காகக் கொடுத்த பலியை அன்றே உண்டு முடிக்க வேண்டும். நேர்ச்சைப் பலியை மறுநாள்வரை உண்ணலாம். மூன்றாம் நாள் மிஞ்சியதை எரித்துவிட வேண்டும்.

ஒரு முழு ஆட்டை ஒரு வீட்டார் ஒரே நாளில் தின்று தீர்க்க முடியுமா? நாலு பேரைக் கூப்பிட்டே ஆக வேண்டும். யாரை? பண்டிகை மகிழ்ச்சியில் யாரெல்லாம் பங்குபெற வேண்டும் என்று உபாகமம் 16ஆம் அதிகாரம் பட்டியலிடுகிறது: பிள்ளைகள், வேலையாட்கள், சொந்த நிலமில்லாத லேவியர், வெளியூரார், அநாதைகள், விதவைகள்.

நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் ஒரு பெருநாளில் கிராமப்புற ஏழைகள் மதீனாவுக்கு வந்து சேர்ந்தார்கள். அந்த ஆண்டு மூன்று நாளுக்கு மேல் குர்பானிக் கறியைச் சேமிக்க நபியவர்கள் தடை விதித்தார்கள். பிறகு, வந்திருந்த ஏழைகளுக்காகவே தடுத்ததாக விளக்கி, உண்ணவும் சேமிக்கவும் தர்மம் செய்யவும் அனுமதித்தார்கள் (முஸ்லிம்). தஷ்ரீக் நாட்கள் உண்பதற்கும் பருகுவதற்கும் அல்லாஹ்வை நினைவுகூர்வதற்கும் உரியவை என்றும் சொன்னார்கள். நீங்களும் உண்ணுங்கள், கேட்பவருக்கும் கேட்காதவருக்கும் உண்ணக் கொடுங்கள் என்ற கருத்தைத் திருக்குர்ஆன் 22:36 வலியுறுத்துகிறது.

தடை நீங்கிவிட்டது. அதற்குக் காரணமாக இருந்த ஏழைகள் இன்றும் நம்மைச் சுற்றி இருக்கிறார்கள். வண்டலூர் வரை எழும்பும் அடுக்குமாடிகளில் வேலை செய்ய வந்து, தகரக் கொட்டகையில் பெருநாளைக் கழிக்கும் வடமாநிலச் சகோதரர்கள். நம் தெருவிலேயே வாய்திறந்து கேட்காத விதவை.

அவர்களுக்குப் பாலித்தீன் பையில் கறி அனுப்புவதும் நன்மைதான். ஆனால் பெருநாளன்று தனியே சமைத்து, தனியே உண்பவருக்குக் கறி மட்டுமா குறை?

அடுத்த பெருநாளில் ஃப்ரீசரைத் திறக்கும் முன், நம் வீட்டு சஹனில் ஒருவருக்காவது இடம் ஒதுக்குவோம்.