மலைப்பாதை ஜீப் வண்டிக்கு ஏற்ற பாட்டரி

காளை வாங்கச் சந்தைக்குச் செல்லும் குடியானவர் பல்லைப் பார்க்கிறார், குளம்பைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், சிறிது தூரம் நடத்தியும் பார்க்கிறார். அவரே தமது ஜீப் வண்டிக்குப் பாட்டரி வாங்கும்போது, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை மறுபேச்சின்றிப் பெற்றுத் திரும்புகிறார். இரண்டு வருஷத்திற்குள் அது செயலற்றுப் போனால் பாட்டரியைக் குறை கூறுகிறார். காளையைப் போலவே பாட்டரியையும், அது செய்ய வேண்டிய வேலையையும் படவேண்டிய பாட்டையும் அறிந்தே தெரிந்தெடுத்தல் வேண்டும்.

நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஜீப் வண்டி, கொல்லிமலை, ஜவ்வாது மலை, கல்வராயன் மலை போன்ற இடங்களில் ஆடம்பரப் பொருளன்று. விளைபொருளைச் சந்தைக்கு இறக்குவதும், உரத்தையும் விதையையும் ஏற்றுவதும், அவசரத்தில் நோயாளியையோ பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்வதும் பல சிற்றூர்களில் ஜீப்பே ஆகும். போடிநாயக்கனூர்ப் பக்கத்திலிருந்து ஏல மலைகளுக்கு வேலையாட்கள் செல்வதும் இவ்வண்டியிலேதான். இத்தகைய இடத்தில் இஞ்சின் கிளம்பாது போனால், சமவெளியிற் போல நான்கு பேர் தள்ளி ஓட்டிவிட இயலாது. மேலும், நவீன டீசல் இஞ்சின்களில் எண்ணெய் பீச்சுவதும் மின்சாரத்தாலேயே ஆளப்படுகிறது. ஆதலின் பாட்டரி முற்றும் வற்றியபின் சரிவில் உருட்டினாலும் அவை கிளம்பமாட்டா.

பாட்டரியின் அமைப்பு

ஈயத் தகடுகளும் கந்தகத் திராவகமும் கொண்ட பாட்டரியை 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே என்பவர் கண்டார். இன்றைய பாட்டரிகளும் பெரும்பாலும் அம்முறையைச் சார்ந்தனவே. ஓர் அறை ஏறத்தாழ 2 வோல்ட் தரும். ஆறு அறைகள் சேர்ந்தது 12 வோல்ட் பாட்டரி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது 1941 முதல் செய்யப்பெற்ற வில்லிஸ் ஜீப்புகளில் 6 வோல்ட் பாட்டரியே இருந்தது. அத்தகைய பழைய வண்டியைப் புதுப்பித்து வைத்திருப்போர், அதன் மின்னமைப்பு 6 வோல்ட்டா, பின்னால் 12 வோல்ட்டாக மாற்றப்பட்டதா என்பதை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின்மேல் எழுதப்பட்ட எண்கள்

முதலாவது, ஆம்பியர்-மணி என்னும் கொள்ளளவு. இதன் பொருளை ஒரு கணக்கால் அறியலாம். ஸ்டார்ட்டர் மோட்டார் 250 ஆம்பியர் வீதம் 5 விநாடி இழுத்தால் செலவாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆம்பியர்-மணியே. ஆனால் முன்விளக்கு இரண்டையும் 10 ஆம்பியர் வீதம் 4 மணி நேரம் அணைக்காது விட்டால் 40 ஆம்பியர்-மணி போய்விடும். 70 ஆம்பியர்-மணிப் பாட்டரியில் இது பாதிக்கு மேல். எனவே பாட்டரியை வற்றச் செய்வது இஞ்சினைக் கிளப்புதலன்று. இஞ்சின் நின்றிருக்கும்போது விளக்கும் பாட்டுப் பெட்டியும் தின்னும் மின்சாரமே.

இரண்டாவது, குளிரில் கிளப்பும் திறன். பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரி சென்டிகிரேட் குளிரில் 30 விநாடி வரை பாட்டரி எத்தனை ஆம்பியர் தரும் என்பதை இவ்வெண் காட்டும். தமிழ்நாட்டு மலைகளில் அத்தகைய குளிர் இல்லை. பெட்டியின் அளவு மாறாதிருக்க இவ்வெண்ணை மட்டும் மிகுதியாக்க வேண்டுமாயின், தகடுகளை மெல்லியனவாக்கி எண்ணிக்கையைக் கூட்ட நேரிடும். மெல்லிய தகடு உஷ்ணத்திலும் குலுக்கத்திலும் விரைவில் தேயும். வண்டியைச் செய்தவர் குறித்த எண்ணுக்குக் குறையாதிருந்தால் போதும். அதற்குமேல் இவ்வெண்ணுக்காக அதிக விலை கொடுப்பது வீண்.

மூன்றாவது, இருப்புத் திறன். சார்ஜ் செய்யும் இயந்திரம் பழுதுற்றால், 25 ஆம்பியர் வீதம் எத்தனை நிமிஷம் பாட்டரி தாங்கும் என்பதை இது குறிக்கும். இரவில் மலையிறங்கும் வண்டிக்கு மிகவும் பயன்படும் எண் இதுவே. 120 நிமிஷம் தாங்குவது, விளக்குகளுடன் அடிவாரம் சேர 2 மணி நேர அவகாசம் அளிக்கிறது.

பாட்டரிக்கு மூன்று பகைகள்

காட்டுப்பாதையில் ஓடும் வண்டியின் பாட்டரி காலத்திற்கு முன்பே கெடுவது பெரும்பாலும் குலுக்கம், உஷ்ணம், குறைச் சார்ஜ் என்னும் மூன்றினால் ஆகும்.

குலுக்கத்தினால் தகடுகளில் அப்பியுள்ள ஈயப் பசை உதிர்ந்து அடியிற் படியும். படிவு மிகுந்து தகடுகளின் கீழ்விளிம்பைத் தொட்டால் அந்த அறை உள்ளுக்குள்ளேயே இணைந்து வீணாகும். 15 முதல் 20 கிலோ எடையுள்ள பாட்டரி, பிடிப்புக் கம்பி தளர்ந்திருக்கும்போது ஒவ்வொரு குழியிலும் துள்ளி விழுகிறது. இதைத் தாங்கும் பாட்டரி யாரும் செய்வதில்லை.

உஷ்ணம் வெளியே தெரியாத பகை. இஞ்சின் அருகில் உஷ்ணம் 8 முதல் 10 டிகிரி வரை உயர்ந்து நிலைத்தால் பாட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும். உட்கம்பிச் சட்டம் அரித்துப்போவதும் நீர் வற்றுவதும் இதன் விளைவுகள். எனவே புகைபோக்கிக் குழாயை ஒட்டிப் பாட்டரி இருக்குமாயின், இடையே தகரத் தடுப்பு அமைக்க வேண்டும்.

குறைச் சார்ஜினால், தகடுகளின்மேல் படியும் ஈயக் கந்தகம் நாளடைவில் கெட்டிப்பட்டு, பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் கரையாது போகிறது. அறுவடை முடிந்து வண்டியை மாதக்கணக்கில் நிறுத்திவைப்போருக்கு இது பெரும்பாலும் நேருவது. புதிய வண்டிகளில் கடிகாரமும் திருட்டு எச்சரிக்கைக் கருவியும் 30 மில்லி ஆம்பியர் அளவு ஓயாது இழுத்தால், 30 நாட்களில் 21 ஆம்பியர்-மணிக்குமேல் செலவாகும்.

வகைகளும் அவற்றின் தகுதியும்

மூடிகளைத் திறந்து நீர் ஊற்றும் திராவகப் பாட்டரி விலை குறைந்தது. உஷ்ணத்தைப் பொறுக்கும், வற்றிய நீரை மீண்டும் நிரப்பலாம், ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையையும் சோதிக்கலாம். வண்டி மிகச் சாய்ந்தால் திராவகம் சிந்தும் என்பது இதன் குறை.

நீர் ஊற்ற வேண்டாத மூடிய பாட்டரியில் கால்சியம் கலந்த ஈயம் உள்ளது. தினமும் ஓடும் வண்டிக்கு இது மிக வசதியானது. ஆனால் அடிக்கடி முற்றும் வற்றவிட்டால் எளிதில் மீளாது.

கண்ணாடி நார் விரிப்புப் பாட்டரியைக் கடைகளில் ஏ.ஜி.எம். என்பர். இதில் திராவகம் விரிப்பினுள் ஊறியிருக்கும்; தகடுகள் இறுக நெருக்கி வைக்கப்பட்டிருக்கும். ஆகவே சாய்ந்தாலும் சிந்தாது. குலுக்கத்தை நன்கு தாங்கும். விலை மிக அதிகம். அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறினால் போன நீரைத் திரும்ப ஊற்ற வழியில்லை. இஞ்சினுக்கு மிக அருகில் வைப்பதும் தகாது.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி ஈயப் பாட்டரியின் எடையில் பாதிக்கும் குறைவானது. ஆழமாகச் செலவழித்தாலும் கெடாது. ஆயினும் விலை பன்மடங்கு. தனிச் சார்ஜ் கருவியும் வேண்டும். இஞ்சின் உஷ்ணம் ஆகாது. வண்டியின் பின்புறம் விளக்கு, குளிர்பெட்டி முதலியவற்றிற்காக வைக்கும் இரண்டாவது பாட்டரிக்கே இது பொருந்தும்.

எது யாருக்கு?

வண்டி வழியில் வாரம் சிலமுறை மட்டும் தோட்டத்திற்குச் செல்லும் ஜீப்புக்கு நல்ல திராவகப் பாட்டரியே போதும். பாறையும் செங்குத்தும் நிறைந்த பாதையில் நாள்தோறும் பாரம் ஏற்றிச் செல்வதும், நோயாளிகளுக்கு உதவுவதுமான வண்டிக்கு, சார்ஜ் அமைப்பு சீராக இருக்குமாயின் ஏ.ஜி.எம். வாங்குவது கொடுத்த விலைக்குத் தக்கது. மின் இழுவைப் பொறி பூட்டிய வண்டியில், அப்பொறி முழுப் பாரத்தில் 400 ஆம்பியர் வரை இழுக்கும். 5 நிமிஷத்தில் 33 ஆம்பியர்-மணி போகும். அவ்வண்டிக்குக் கொள்ளளவு மிகுந்த பாட்டரி வேண்டும். பொறியை இயக்கும்போது இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கவும் வேண்டும். நான்கு சக்கர இழுவை டிராக்டர்களுக்கும் இவ்விதிகளே பொருந்தும்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

பழைய பாட்டரி உண்மையிலேயே கெட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பின், ஆப்பச் சோடா கரைத்த நீரால் கழுவித் துடைத்து, கம்பியை இறுக்கி, வாஸ்லைன் தடவுக. இஞ்சின் ஓடும்போது முனைகளுக்கிடையே 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இராவிடில் குற்றம் சார்ஜ் இயந்திரத்தினது. புதிய பாட்டரியையும் அது கெடுத்துவிடும். வண்டி ஓடாது சில மணி நேரம் நின்றபின், முழுச் சார்ஜுள்ள பாட்டரி 12.6 வோல்ட்டுக்குக் குறையாது காட்டும், 12.2 ஆயின் பாதியே உள்ளது. ஹைட்ரோமீட்டரில் முழுச் சார்ஜுக்கு 1.250 முதல் 1.280 வரை இருக்கும். ஓர் அறை மட்டும் மற்றவற்றினும் வெகுவாகத் தாழ்ந்திருந்தால் அந்தப் பாட்டரிக்கு ஆயுள் முடிந்தது.

கடையில் கவனிக்க வேண்டியவை வருமாறு:

1. நீளம், அகலம், உயரம் மூன்றும் வண்டியிலுள்ள தட்டுக்குச் சரியாக இருத்தல். சிறிய பெட்டி ஆடும். உயர்ந்த பெட்டியின் முனை மேல்மூடியைத் தொட்டுத் தீப்பொறி எழும்பும்.

2. பிளஸ் முனை பழைய பாட்டரியில் உள்ள பக்கத்திலேயே இருத்தல்.

3. செய்த மாதமும் வருஷமும். மூன்று மாதத்திற்கு மேற்பட்டிருந்தால் முழுச் சார்ஜ் செய்து தரும்படி கேட்டல்.

4. வாங்கிய தேதியும் கடை முத்திரையும் இட்ட உத்தரவாதச் சீட்டைப் பெறுதல்.

வாங்கியபின்

கழற்றும்போது மைனஸ் கம்பியை முதலிலும், பூட்டும்போது அதைக் கடைசியிலும் கையாளுக. பிடிப்புக் கம்பியை இறுக்கியபின் பாட்டரியைக் கையால் அசைத்துப் பார்த்தல் நன்று. வண்டி அசைய வேண்டுமேயன்றிப் பாட்டரி அசையலாகாது. மலையேறிய ஒவ்வொரு வாரமும் இதைச் செய்வது வழக்கமாக வேண்டும். திறந்த பாட்டரிக்குக் காய்ச்சி வடித்த ஜலமே ஊற்ற வேண்டும். கிணற்று ஜலத்திலுள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். திராவகம் ஒருபோதும் சேர்க்கலாகாது. சார்ஜ் ஏறும்போது வெளிப்படும் வாயு தீப்பற்றக் கூடியதாதலால், அருகில் பீடி, சுருட்டு ஆகா. திராவகம் கண்ணிலோ தோலிலோ பட்டால் உடனே ஏராளமான ஜலத்தால் கழுவி வைத்தியரிடம் செல்ல வேண்டும். வண்டியை நெடுநாள் நிறுத்துவதாயின் மைனஸ் கம்பியைக் கழற்றி, மாதம் ஒருமுறை முழுச் சார்ஜ் செய்துவைக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் கவனத்திற்கு

பழைய பாட்டரியைக் கொல்லைப்புறத்தில் உடைத்து ஈயம் எடுப்பதும், திராவகத்தை வாய்க்காலில் கொட்டுவதும் பெருந்தீங்கு. ஈயம் மண்ணை விட்டு எளிதில் நீங்காது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கிறது. பழைய பாட்டரியை முறைப்படி திரும்ப ஒப்படைக்க வேண்டுமென்று 2001ஆம் ஆண்டிலேயே இந்திய சர்க்கார் விதி செய்தனர். 2022ஆம் ஆண்டில் புதிய பாட்டரிக் கழிவு விதிகள் அதற்குப் பதிலாக வந்தன. புதியது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்தால் விலையிலும் தள்ளுபடி கிடைக்கும்.

சுருங்கக் கூறின், பெரிய எண்ணையும் பெரிய விலையையும் நாடாது, வண்டி செல்லும் பாதைக்கும் அது நிற்கும் நாட்களுக்கும் ஏற்ற பாட்டரியைத் தெரிந்து, அசையாது கட்டி, குறையாது சார்ஜ் செய்து காப்பதே சிறந்த வழி. நடுநிசியில் நோயாளியை ஏற்றிக்கொண்டு சாவியைத் திருப்பும்போது இஞ்சின் உடனே கிளம்புவது, பகலில் செய்துவைத்த இச்சிறு கவனத்தின் பயனேயாகும். கிராம அதிகாரிகளும் முன்னணிக் குடியானவர்களும் இவற்றைத் தத்தம் ஊரில் ஜீப் வைத்திருப்போருக்கு எடுத்துரைப்பார்களாயின் பொருள் நஷ்டம் மட்டுமன்றி உயிர் நஷ்டமும் தவிர்க்கப்படும்.