துடுப்பு போடுபவரும் உட்கார்ந்துதான் இருக்கிறார்

பிச்சாவரத்தில் சுரபுன்னை வேர்கள் இருபுறமும் இறங்கி நிற்கும் குறுகலான கால்வாய்களுக்குள் மோட்டார் படகு நுழையாது. துடுப்புப் படகுதான் போகும். அதை வலிப்பவரைச் சற்று நேரம் கவனியுங்கள். பலகையில் உட்கார்ந்தபடிதான் வலிக்கிறார். ஆனால் பாதம் படகின் குறுக்குச் சட்டத்தை அழுத்துகிறது, தொடை இறுகுகிறது, முதுகு பின்னால் சாய்ந்து நிமிர்கிறது, ஒவ்வொரு வலிப்புக்கும் தோள் திரண்டு தளர்கிறது. அதே நேரம் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் கணினி முன் இருப்பவரும் உட்கார்ந்துதான் இருக்கிறார். அவர் உடம்பில் விரல்களைத் தவிர வேறெதற்கும் வேலை இல்லை.

உட்கார்ந்தே இருப்பது கெடுதல் என்று பொதுவாகச் சொல்கிறோம். நுணுகிப் பார்த்தால் கெடுதல் உட்காருவதில் இல்லை, தசை சும்மா கிடப்பதில் இருக்கிறது. கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிரைகளைப் பிழிந்து ரத்தத்தை இதயத்தை நோக்கி ஏற்றுகிறது. அந்த ரத்தம் மீண்டும் கீழே இறங்காமல் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. தொடைத் தசை வேலை செய்யும்போது இன்சுலினை எதிர்பாராமலே ரத்தத்தில் உள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மூன்று மணி நேரம் அசையாமல் இருப்பவருக்கு இந்த இரண்டு வேலையும் பாதியில் நின்றுபோகின்றன. தமிழ்நாட்டையும் சேர்த்து நடத்தப்பட்ட இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு ஒன்று 2014-இல் வெளியானது. ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 54.4 சதவீதம் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை என்றது அது. வீட்டுக்கு வீடு சர்க்கரை நோய் பேசப்படும் நம் ஊரில் இதைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு தான்சானியாவின் ஹட்சா மக்களைப் பற்றியது. வேட்டையாடியும் கிழங்கு தோண்டியும் வாழ்பவர்கள். அவர்களும் பகலில் ஏறக்குறைய பத்து மணி நேரம் ஓய்வாகத்தான் இருக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது. நகரவாசி உட்காரும் நேரத்துக்கு இது குறைவில்லை. ஆனாலும் இதய நோய்க்கான அறிகுறிகள் அவர்களிடம் மிகக் குறைவு. அவர்கள் குந்தியும் முழந்தாளிட்டும் ஓய்வெடுப்பதை ஆய்வாளர்கள் ஒரு காரணமாகக் காட்டுகிறார்கள். குந்தியிருக்கும்போது கால் தசைகள் நாற்காலியில் இருப்பதைவிட அதிகம் வேலை செய்வதைக் கருவி வைத்து அளந்தும் பார்த்தார்கள். சம்மணமும் குந்தலும் நமக்குப் புதியவையா என்ன? நாற்காலி வந்ததும் கைவிட்டோம், அவ்வளவுதான்.

இந்த அறிவு நேற்று வந்ததல்ல. லண்டன் பேருந்துகளில் இருக்கையை விட்டு நகராத ஓட்டுநர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸ் 1953-இல் எழுதினார். கல்கத்தா பக்கத்துச் சணல் ஆலையில் ஊட்டச்சத்து ஆய்வாளர் ழான் மேயர் குழுவினர் செய்த ஆய்வு 1956-இல் வந்தது. மூட்டை தூக்கியவர்கள் அளவுக்கே, உட்கார்ந்து வேலை பார்த்தவர்களும் சாப்பிட்டார்கள். எடை மட்டும் இவர்களுக்குக் கூடுதல். உடம்பு அசையாதபோது பசி அதற்கேற்பக் குறைவதில்லை.

சரி, அசைய வைக்கும் மேசை நாற்காலிகள் உதவுமா? உயரத்தை ஏற்றி இறக்கும் மேசை, பந்து போன்ற இருக்கை, மேசைக்கடியில் மிதிக்கும் பெடல் என்று சந்தையில் நிறைய வந்துவிட்டன. விளம்பரத்தை நம்பி வாங்க வேண்டாம். நிற்பதால் எடை குறையும் என்பது பெரும்பாலும் வீண் நம்பிக்கை: ஆறு மணி நேரம் உட்காருவதற்குப் பதிலாக நின்றால் கூடுதலாகச் செலவாவது ஏறத்தாழ 54 கலோரிதான், ஓர் இட்லியின் கணக்கு. இங்கிலாந்தின் நகராட்சி அலுவலர்கள் 756 பேரிடம் நடந்த சோதனை 2022-இல் வெளியானது. ஆலோசனையும் பயிற்சியும் மட்டும் பெற்றவர்கள் ஓராண்டு கழித்து நாளொன்றுக்கு 22 நிமிடம் குறைவாக உட்கார்ந்தார்கள். அவற்றோடு உயரம் மாற்றும் மேசையும் பெற்றவர்கள் 64 நிமிடம் குறைவாக. மேசை பயன்படுகிறது என்பது உண்மை. அதே சமயம் நிற்பதும் நடப்பதும் ஒன்றல்ல.

அசையாமல் நிற்பதிலும் ஆபத்து உண்டு, அதைத் துணிக்கடைப் பெண்களிடம் கேட்க வேண்டும். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்றால் கெண்டைக்கால் பம்பு ஓய்ந்து ரத்தம் காலில் தேங்குகிறது. கணுக்கால் வீங்கும், சிரை சுருண்டுகொள்ளும். கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் உட்காரும் உரிமைக்காகப் போராடியதன் பலனாகக் கேரளம் 2018-இல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டில் 2021-இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவு சேர்ந்தது: எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம்.

நின்றே தீர வேண்டிய பெண்ணுக்கும் உட்கார்ந்தே தீர வேண்டிய எழுத்தருக்கும் உடம்பு கேட்பது ஒன்றைத்தான், நிலையை மாற்றிக்கொள்ளும் சுதந்திரத்தை. அது கிடைக்காமல் போவதற்குப் பணம் மட்டும் காரணமில்லை. உட்கார்ந்தால் சோம்பேறி என்கிறார் முதலாளி. எழுந்து நடந்தால் "சீட்டில் ஆளே இல்லை" என்கிறார்கள் மக்கள். இந்தப் பார்வையை மாற்றாமல் விலை உயர்ந்த மேசையை இறக்கி வைத்தால் அது ஒரே உயரத்தில் தூசு படிந்து கிடக்கும்.

மின்சார மேசைக்குப் பணம் ஒதுக்க முடியாத அலுவலகங்களுக்கு, கடைகளுக்கும்தான், எளிய வழி ஒன்று உண்டு: உயரமான கவுன்டர். நிமிர்ந்து நின்று முழங்கையை மடக்கினால் கவுன்டர் அதற்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். உள்ளூர்த் தச்சரிடம் சொன்னால் செய்துதருவார். அதே உயரத்துக்கு ஏற்ற ஸ்டூல் ஒன்று, ஸ்டூலில் கால் தொங்காமல் ஊன்றிக்கொள்ள அடியில் ஒரு குறுக்குக் கட்டை. வந்தவரிடம் நின்றபடி பேசலாம். கூட்டம் குறைந்ததும் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து அதே வேலையைத் தொடரலாம்.