ஓர் ஏக்கர் கனவும் ஒரு தாள் பட்டாவும்

போன தீபாவளிக்கு வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா மகன் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினான்.

"அண்ணே, இதைப் பாருங்க. 5,400 சதுர அடி. டுரியான் மரம் ரெண்டு நிக்குது, பக்கத்துல சின்ன ஓடை. முன்பணம் கட்டினா இடத்தைப் பிடிச்சு வைப்பாங்களாம். வார இறுதிக்குப் போய்த் தங்க ஒரு வீடு கட்டிக்கலாம்."

நாற்காலியில் சாய்ந்திருந்த அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அங்க மாடு கட்டலாமாடா?"

அப்பா ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் இரண்டு பசு மாடுகள் நின்றன. அந்தப் பாலை விற்றுத்தான் எங்கள் பள்ளிக் கட்டணம் கட்டினார்கள். தோட்டம் கைமாறியபோது மாடுகளை விற்றுவிட்டுத் தாமானில் ஓர் அடுக்கு வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்கு 74 வயது. இன்னும் விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்துவிடுவார். கறக்கத்தான் மாடு இல்லை.

தம்பி கேட்டது வீடு. அப்பா கேட்டது மாடு. நான் கேட்டது, "பட்டா யார் பேரில் வரும்?" மூன்று கேள்விக்கும் அன்று எங்களிடம் பதில் இல்லை. தம்பியின் சேமிப்பும் அப்பாவின் சேமநிதிப் பணத்தில் மிச்சமிருந்ததும் அந்த நிலத்தில் போக இருந்தன. அதனால் பண்டிகை முடிந்ததும் விசாரிக்கத் தொடங்கினேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன். இங்கே சொல்வது தீபகற்ப மலேசியாவுக்குப் பொருந்தும். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனி நிலச் சட்டங்கள் உண்டு.

முதலில் பட்டா

நாம் 'கிராண்ட்' என்று சொல்லும் நிலப்பட்டாவில் விலாசம், அளவு, உரிமையாளர் பெயர் மட்டும் இருப்பதில்லை. அந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனையும் இருக்கிறது. 1965ஆம் ஆண்டு தேசிய நிலச் சட்டம் நிலத்தை மூன்று வகையாகப் பிரிக்கிறது: விவசாயம், கட்டடம், தொழில். பட்டாவில் 'பெர்தானியான்' என்று இருந்தால் அது விவசாய நிலம். நிலம் மாநில அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் கட்டணமும் நடைமுறையும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

வகைக்குக் கீழே இன்னும் இரண்டு வரிகளைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஒன்று 'ஷாராட் ஞாத்தா', அதாவது வெளிப்படையான நிபந்தனை. அதில் செம்பனை, ரப்பர், நெல், பழமரம் என்று பயிரின் பெயரே எழுதியிருக்கும். மற்றொன்று 'செகாத்தான் கெபெந்திஙான்', அதாவது உரிமை மாற்றத்துக்கான கட்டுப்பாடு. மாநில அரசின் அனுமதி இல்லாமல் விற்கக் கூடாது என்று அதில் இருந்தால், நீங்கள் முழுப் பணம் கொடுத்தாலும் அனுமதி வராமல் பெயர் மாறாது. மலாய் ஒதுக்கீட்டு நிலம் என்றால் மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு அதை மாற்றவே முடியாது. "அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்" என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம்.

இதை அறிய ஆள் பழக்கம் தேவையில்லை. நில அலுவலகத்தில் நில எண்ணைக் கொடுத்து, கட்டணம் கட்டி, அதிகாரப்பூர்வத் தேடல் செய்யலாம். உரிமையாளர் யார், வங்கியில் அடமானம் உண்டா, யாராவது தடை மனு போட்டிருக்கிறார்களா என்பதெல்லாம் அந்தத் தாளில் வந்துவிடும்.

எட்டுப் பேருக்கு ஒரு பட்டா

தம்பி காட்டிய நிலத்தைத் தேடிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. அது ஓர் ஏக்கர் செம்பனை நிலம். ஓர் ஏக்கர் 43,560 சதுர அடி. அதை எட்டாகக் கூறுபோட்டு எட்டுப் பேருக்கு விற்கிறார்கள். ஆளுக்கு ஏறக்குறைய 5,400 சதுர அடி. "பட்டாவில் உங்கள் பெயர் இருக்கும்" என்று அவர்கள் சொன்னது பொய்யில்லை. ஒரே பட்டாவில் எட்டுப் பெயர் இருக்கும்.

விவசாய நிலத்தை உட்பிரிவு செய்தால் ஒவ்வொரு துண்டும் 0.4 ஹெக்டருக்குக் குறையக் கூடாது என்பது நிலச் சட்டத்தின் பொது விதி. 0.4 ஹெக்டர் என்பது கிட்டத்தட்ட ஓர் ஏக்கர். ஆகவே அந்த எட்டுத் துண்டுக்கும் எட்டுத் தனிப் பட்டா எடுக்க வழியில்லை. வேலி போட்டு, எண் பலகை நட்டு, "இது உங்களுடையது" என்று காட்டலாம். ஆனால் எட்டில் ஒரு பங்கு என்றுதான் பட்டா சொல்லும். டுரியான் மரம் நிற்கும் மூலை உங்களுடையது என்று சொல்லாது. பங்காளிகளில் ஒருவர் கடனில் மாட்டினாலோ, இறந்து வாரிசுகள் ஒத்துப்போகாவிட்டாலோ அந்தச் சிக்கல் மற்ற ஏழு பேரையும் தொடும். கூட்டுரிமையை முடித்துக்கொள்ள ஒருவர் நீதிமன்றம் போகவும் சட்டத்தில் இடமிருக்கிறது.

அடுத்து வீடு

"விவசாய நிலத்தில் வீடே கட்டக் கூடாது" என்று சிலர் சொல்வார்கள். "நம்ம நிலம், யார் கேட்பது?" என்று வேறு சிலர் சொல்வார்கள். இரண்டும் தவறு.

உரிமையாளரோ, சட்டப்படி அங்கே குடியிருப்பவரோ, அங்கு வேலை செய்பவர்களோ தங்க வீடு கட்டிக்கொள்ள நிலச் சட்டத்தின் 115ஆவது பிரிவு இடம் தருகிறது. விளைச்சலைப் பதப்படுத்தும் கொட்டகையும் அப்படியே. ஆனால் விடுதி, உணவகம், கார் பட்டறை என்று போனால் அது விவசாயம் ஆகாது. அதற்கு 124ஆவது பிரிவின் கீழ் நிலத்தின் வகையை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாநில அரசு சம்மதிக்க வேண்டும், பிரீமியம் கட்ட வேண்டும். சம்மதிப்பார்கள் என்ற உத்தரவாதம் கிடையாது. நிபந்தனையை மீறினால் திருத்தச் சொல்லி அறிவிப்பு வரும், அபராதம் வரும். கடைசியில் நிலமே அரசிடம் திரும்பிப் போகலாம்.

பட்டா சரியாக இருந்தாலும் வேலை முடிவதில்லை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஊராட்சி மன்றத்தின் உள்ளூர்த் திட்டம் இருக்கிறது. எந்தப் பகுதி விவசாயம், எது குடியிருப்பு என்று அதன் வரைபடம் காட்டும். பிளான்மலேசியாவின் ஐ-பிளான் தளத்திலும் நிலப் பயன்பாட்டை ஓரளவு பார்க்கலாம். வீடு கட்டத் திட்ட அனுமதி வேண்டும். கட்டட வரைபடத்துக்கும் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். 1976ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டப்படி, அனுமதி இல்லாமல் மேம்பாடு செய்தால் 500,000 ரிங்கிட் வரை அபராதமோ, 2 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அப்பாவின் மாடு

விவசாயம் என்றால் பயிர் மட்டும்தான் என்று நான் நினைத்திருந்தேன். கால்நடை வளர்ப்பு, தேனீ வளர்ப்பு, மீன் வளர்ப்பு எல்லாவற்றையும் நிலச் சட்டம் விவசாயத்தில் சேர்க்கிறது. இதைச் சொன்னதும் அப்பா முகம் மலர்ந்தது. ஆனால் பட்டாவில் 'செம்பனை' என்று பயிர் பெயர் குறிப்பிட்டிருந்தால், கொட்டகை போடுமுன் நில அலுவலகத்தில் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வதே நல்லது.

அடுத்த கதவு ஊராட்சி மன்றம். ஆடு மாடு, கோழி, நாய் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு மன்றமும் துணைச் சட்டம் வைத்திருக்கிறது. கொட்டகைக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆற்றுக்கும் எவ்வளவு இடைவெளி, சாணமும் கழிவும் எங்கே போகும் என்று கேட்பார்கள். விற்பனைக்குக் கோழிப் பண்ணை வைத்தால் மாநிலச் சட்டப்படி உரிமம் தேவைப்படலாம். சிலாங்கூரில் இதற்கென்றே 2007ஆம் ஆண்டு சட்டம் இருக்கிறது.

மூன்றாவது கதவு கால்நடை சேவைத் துறை. நோய் தடுப்பும் கால்நடைகளை இடம் மாற்றுவதும் 1953ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தின் கீழ் வருகின்றன. இன்னொரு மாநிலத்தில் மாடு வாங்கி இரவோடு இரவாக லாரியில் ஏற்றி வர முடியாது. அனுமதி எடுக்க வேண்டும். வளர்க்கும் விலங்குக்குத் தீனி, தண்ணீர், இடம், வைத்தியம் கொடுப்பது நம் கடமை என்று 2015ஆம் ஆண்டு விலங்குகள் நலச் சட்டம் சொல்கிறது. கொடுமைக்கு 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு, சிறையும் உண்டு. வாரம் ஒரு நாள் போய்ப் பார்க்கும் நிலத்தில் மாட்டைக் கட்டிவிட்டு வருவது மாட்டுக்கும் நல்லதில்லை.

"தோட்டத்துல யார் இதெல்லாம் கேட்டா?" என்றார் அப்பா. உண்மைதான். அங்கே துரை சரி என்றால் கொட்டகை நிற்கும். ஆனால் அந்த மண்ணில் நமக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை. தோட்டத் துண்டாடல் வந்தபோது வீடும் போனது, கொட்டகையும் போனது. அந்தக் காலத்தில் 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டப் பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டிச் சேர்ந்தார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். எழுத்தில் இருக்கும் உரிமையின் அருமையை நம் பாட்டன் பாட்டிகள் பட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

கையெழுத்துக்கு முன்

முன்பணம் கட்டுமுன் இந்த வரிசையில் போங்கள். நில அலுவலகத்தில் தேடல் தாள் எடுங்கள். வகை, நிபந்தனை, கட்டுப்பாடு மூன்றையும் படியுங்கள். மலாய் புரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் படித்துச் சொல்லுங்கள். ஊராட்சி மன்றத் திட்டப் பிரிவில் நில எண்ணைக் காட்டி, "இங்கே வீடு கட்டலாமா, கொட்டகை போடலாமா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கால்நடை வளர்க்க எண்ணமிருந்தால் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கும் போங்கள். நிலத்துக்குள் போக முறையான பாதை உண்டா, அல்லது அடுத்தவர் நிலத்தைக் கடந்து போகிறோமா என்று பாருங்கள். விற்பவர் காட்டும் வழக்கறிஞரை விட்டு, உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள்.

தம்பி அந்த நிலத்துக்கு முன்பணம் கட்டவில்லை. விற்பவர் இரண்டு முறை அழைத்தார், "எட்டுப் பட்டா தருவீங்களா?" என்று கேட்டதோடு அழைப்பு நின்றுவிட்டது. இப்போது ஓர் ஏக்கருக்குக் குறையாத, ஒரே உரிமையாளரின் தனிப் பட்டா உள்ள நிலமாகத் தேடுகிறோம். விலை அதிகம்தான். பணம் சேர இன்னும் நாளாகும்.

போன வாரம் ஓர் இடம் பார்க்கப் போனோம். தம்பி டுரியான் மரங்களை எண்ணினான். நான் எல்லைக்கல்லைத் தேடினேன். அப்பா நேராக ஓடைப் பக்கம் போய், குனிந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி முகர்ந்து பார்த்தார்.

"புல் நல்லா இருக்கு," என்றார். "தாளைப் பார்த்துட்டு வா."