மகான்களையும் நம்பாத சட்டம்

குடும்ப நீதிமன்றத்தில் வக்கீலாகக் காலம் தள்ளியவன் நான். எந்தச் சட்டத்தைப் புரட்டினாலும், இது யாரைச் சந்தேகப்படுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். யூத மதச் சட்டத்தில் ‘யிஹூத்’ என்றொரு பகுதி உண்டு. கணவன் மனைவி அல்லாத ஓர் ஆணும் பெண்ணும், பிறர் வர வழியில்லாத இடத்தில் தனித்திருக்கக் கூடாது. உள்ளே ஒன்றுமே நடக்காவிட்டாலும் விதி மீறியதுதான். பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும், தாத்தா பாட்டிக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் விலக்கு.

இந்தச் சட்டம் எல்லோரையும் சந்தேகப்படுகிறது. யூதர்களின் பழைய சட்ட நூலான தல்மூதில் ஒரு கதை. பாபிலோனியாவின் நெஹார்தேயா ஊரில், மீட்டுக் கொண்டுவரப்பட்ட சிறைப்பெண்களை ராவ் அம்ராம் என்ற பக்திமானின் வீட்டு மாடியில் தங்கவைத்து, ஏணியையும் எடுத்துவிட்டார்கள். மாடித் திறப்பருகே ஒருத்தி நடந்து போனதைப் பார்த்த அம்ராம், பத்துப் பேர் சேர்ந்தும் தூக்க முடியாத அந்த ஏணியைத் தனியாளாகத் தூக்கிச் சாத்தி ஏறினார். பாதியில் காலை ஊன்றி நின்றுகொண்டு, வீட்டில் தீப்பிடித்துவிட்டதாகக் கூச்சல் போட்டார். ஓடிவந்த அறிஞர்கள், மானத்தை வாங்கிவிட்டீரே என்று நொந்துகொண்டார்கள். மறுமையில் தலைகுனிவதற்கு இங்கேயே தலைகுனிவது மேல் என்றார் அவர். மடக்க ஆளில்லாத வாதம்.

விதி விரிந்த கதை இன்னும் கசப்பானது. தாவீது அரசரின் மகன் அம்னோன், நோயாளிபோல் படுத்துக்கொண்டு, மாற்றாந்தாய்க்குப் பிறந்த தங்கை தாமார் வந்து பணியாரம் சுட்டுத் தரவேண்டும் என்றான். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு அவளைப் பலாத்காரம் செய்தான். அதன் பிறகே, மணமாகாத பெண்ணோடு தனித்திருப்பதையும் தாவீதும் அவர் சபையும் தடுத்தார்கள் என்கிறது தல்மூத். மகனைத் தண்டிக்காத தகப்பன் சட்டத்தை நீட்டினார். நீதிமன்றத்தில் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நடைமுறையில் இது கதவு, சாவி பற்றிய சட்டம். தெருவைப் பார்த்த கதவு திறந்திருந்தால் தடையில்லை. சாவி வைத்திருக்கும் வேறொருவர் எந்நேரமும் வரலாம் என்றாலும் சரி. டாக்டர் அறை, லிஃப்ட் என்று இன்றும் ரப்பிகள் எனப்படும் யூத மதகுருக்களிடம் கேள்விகள் போகின்றன. தத்துப் பிள்ளைகள் விஷயத்தில் அவர்களுக்குள்ளேயே பிளவு: ஜெருசலேமின் ரப்பி வால்டன்பெர்க் சலுகை தந்தார், நியூயார்க்கின் லுபாவிட்ச் ரப்பி மறுத்தார். என் ஓட்டு வால்டன்பெர்க்குக்கு. வளர்த்த கையைச் சந்தேகித்தால் எந்தக் குழந்தைக்கு வீடு கிடைக்கும்?

அஷ்கெனாசி யூதர்களின் கல்யாணத்தில் இதே தனிமை சடங்காகிவிடுகிறது. சடங்கு முடிந்ததும் மணமக்கள் ஓர் அறைக்குள் போய்க் கல்யாண நாள் விரதத்தை முடிப்பார்கள். வாசலில் இரண்டு சாட்சிகள் நிற்பார்கள்.

ஓரிடத்தில் மட்டும் எனக்கு ஆட்சேபணை. ஓர் ஆண் இரண்டு பெண்களோடு தனித்திருக்கக் கூடாது, ஒரு பெண் இரண்டு ஆண்களோடு இருக்கலாம் என்கிறது தல்மூதின் அடிப்படை நூலான மிஷ்னா. பெண்களின் மனம் இலேசானது என்று தல்மூத் இதற்குக் காரணம் சொல்கிறது. அம்னோன் கதையை வைத்துக்கொண்டே இப்படிச் சொல்ல எப்படி முடிந்தது? 16ஆம் நூற்றாண்டில் யோசேப் காரோ தொகுத்த ‘ஷுல்ஹான் ஆருஹ்’ என்ற சட்டநூல் அந்த அனுமதியை எடுத்துவிட்டது. அதன்படி, அந்த ஆண்களில் ஒருவரின் மனைவி உடன் இல்லாவிட்டால், எத்தனை ஆண்கள் இருந்தாலும் ஒரு பெண் அவர்களோடு தனித்திருக்கக் கூடாது.